மாவு இழுக்க ஒரு பேட்டரி சைக்கிள்

ஊரில் எந்த ஷேர் ஆட்டோக்காரரும் என்னை ஏற்றிக்கொள்ள மாட்டார் என்ற நிலைமை ஒரு சித்திரை மாதக் காலையில் வந்து சேர்ந்தது. நான் வேங்கிக்காலில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து, செங்கம் சாலையில் ஆசிரமத்தைச் சுற்றி இருக்கிற சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவள். தினமும் நாலு டப்பா, ஒவ்வொன்றிலும் இருபது கிலோ. அன்றைக்கு ஏழு மணிக்கே வெயில் சுட்டது. ஆட்டோவில் எனக்கு எதிரே ஒரு வக்கீல் கறுப்புக் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது மூன்றாவது டப்பாவின் மூடி மெல்ல எழுந்தது. நான் அதன்மேல் ஏறி உட்கார்ந்து அமுக்கினேன். உடனே நாலாவது மூடி எழுந்தது. எனக்கு இருப்பது ஓர் உடம்புதானே. மாவு பொங்கி வழிந்து நேராக அந்தக் கோட்டுக்குள் இறங்கியது.

"இன்னாமா இது, உயிரோட இருக்குது!" என்று வக்கீல் கத்தினார்.

அவர் அன்று எப்படி கோர்ட்டுக்குப் போனார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சாயங்காலத்துக்குள் ஸ்டாண்டில் இருந்த எல்லா ஆட்டோக்காரர்களுக்கும் சேதி போய்விட்டது. மறுநாள் என் டப்பாக்களைத் தூரத்தில் பார்த்ததுமே கியரை மாற்றிக்கொண்டு பறந்தார்கள்.

ஸ்கூட்டர் வாங்கலாமே என்று கேட்பீர்கள். லைசென்ஸுக்கு மூன்று முறை போனேன். எட்டுப் போடச் சொன்னால் மூன்று முறையும் காலை ஊன்றினேன். கடைசி முறை அங்கிருந்த அதிகாரி, கோபப்படாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்போலக் கேட்டார்: "எட்டு போடச் சொன்னா ஏம்மா சைபர் போட்டுனு நேரா கேட்டுக்கு வெளிய போறீங்க?" சைக்கிள் மட்டும் எனக்கு எட்டாம் வகுப்பிலிருந்து நன்றாக வரும். லைசென்ஸ் தேவைப்படாத சின்ன பேட்டரி சைக்கிள் ஒன்றைப் பழசாகப் பார்த்து வாங்கி, பின்னால் ஒரு டிரெய்லரைக் கட்டி மாவை இழுத்துப் போவது என்று முடிவு செய்தேன்.

இந்த முடிவை என்னைவிட அதிகமாகக் கொண்டாடியவர் என் வீட்டுக்காரர். அவர் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவர். விசிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வீட்டில் கிரைண்டரைப் போட்டால் இரண்டு விசில், நிறுத்தினால் ஒரு விசில். "பின்னாடி இன்னொரு பொட்டி வருதுன்னா அதுக்கு ஒரு ஆள் வேணும்" என்றார். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

எங்கள் தெருமுனையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் போனோம். அவர் குடும்பம் இந்த ஊரில் மூன்று தலைமுறையாக இரும்பு வேலை செய்கிறது. கேட், ஜன்னல் கம்பி, கோயில் உண்டியல் பூட்டு என்று அவர் கை படாத வீடு கம்மி. ஆனால் பேட்டரி சைக்கிளைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது. அதை அவர் எங்களிடம் சொல்லவில்லை.

"மொதல்ல சைக்கிள வாங்கிட்டு வரட்டுமா பாய்?" என்றேன்.

"எதுக்குக்கா? சைக்கிள் எது வேணா இருக்கட்டும். பின்னாடி வர்றது ஸ்ட்ராங்கா இருந்தா போதும். மொதல்ல டிரெய்லர் செஞ்சுடலாம்."

இரண்டே நாளில் செய்துவிட்டார். சதுரக் குழாயில் சட்டம், கீழே பலகை, பழைய மொபெட்டின் சக்கரங்கள் இரண்டு. யாரோ ஒருவர் வீட்டு கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டை முழுவதும் அடித்திருந்தார். முன்னால் நீண்ட கை, அதன் முனையில் சைக்கிள் சீட்டுக் கம்பியில் மாட்டுகிற கொக்கி. கொக்கியில் ஒரு ஊசி இறங்கும். அந்த ஊசி மேலே எழும்பாமல் இருக்க விரல் நீளத்துக்கு ஒரு கிளிப்.

பாரம் ஏற்றி இழுத்துப் பார்க்காமல் சைக்கிள் வாங்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். எண்பது கிலோ மாவை ஊரெல்லாம் தூக்கிக்கொண்டு திரிந்தால் புளித்துப் போகும். என் வீட்டுக்காரர் அரிசி மண்டி தராசில் ஏறி நின்றார். எண்பத்து நாலு காட்டியது.

"நானே லோடு" என்றார் பெருமையாக.

முதலில் போனது இரண்டு தெரு தள்ளி, கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் ஓர் அதிகாரியின் வீட்டுக்கு. டாக்டர் நடக்கச் சொன்னாராம், இவர் சைக்கிள் வாங்கியிருக்கிறார். நடுவில் மடித்து வைத்துக்கொள்கிற மாதிரி, சின்னச் சக்கரம் வைத்த வண்டி. வராந்தாவில் அதைத் தேட வேண்டியிருந்தது. ஹேண்டில்பாரில் இரண்டு துண்டு காய்ந்தது, சீட்டில் ஒரு போர்வை, கேரியரில் வெங்காய மூட்டை.

"டெய்லி ஓட்டுவேன்" என்றார் அதிகாரி.

"யாரு?" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் மனைவி.

"வாரத்துக்கு ரெண்டு நாள்."

"யாருன்னு கேட்டேன்."

அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார். பேட்டரியை சார்ஜில் போட்டார். காபி வந்தது, முறுக்கு வந்தது, அவருடைய ரத்த அழுத்தத்தின் வரலாறு வந்தது, பேட்டரியில் விளக்கு மட்டும் வரவில்லை. "பெடல் போட்டுப் பாருங்க, இழுவை எப்பிடினு தெரியும்" என்றார். சரியென்று டிரெய்லரை மாட்டினோம். என் வீட்டுக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு விசில் கொடுத்தார். நான் எழுந்து நின்று பெடலை மிதித்தேன். டிரெய்லர் நகரவில்லை. பதிலாக, சைக்கிள் நடுவில் மெதுவாக மடிய ஆரம்பித்தது. என் முன்சக்கரம் வளைந்து திரும்பி வந்து என் வீட்டுக்காரரை எட்டிப் பார்த்தது. நான் யாருக்கும் வலிக்காதபடி தரையில் உட்கார்ந்தேன்.

அதிகாரியின் மனைவி வெளியே வந்து பார்த்தார். வெங்காய மூட்டையை எடுத்து, மடிந்த சைக்கிள்மேல் திரும்ப வைத்துவிட்டு உள்ளே போனார்.

பாயிடம் சொன்னதும், "மடிக்கிற வண்டி லோடுக்கு ஆவாதுக்கா. நான் அப்பவே நெனச்சேன்" என்றார்.

அடுத்தது கீழ்பென்னாத்தூர். நிலக்கடலை போடுகிற ஒரு விவசாயி, வயலுக்குப் போய்வர வைத்திருந்த வண்டியை விற்கிறார் என்று தகவல். டிரெய்லரை எப்படிக் கொண்டு போவது? பஸ்ஸில்தான். என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் ஓடிய அதே தடம். பின் படிக்கட்டு வழியாக டிரெய்லரை ஏற்றியதும், இப்போதைய கண்டக்டர் வந்து லக்கேஜ் டிக்கெட் வாங்கச் சொன்னார்.

"லக்கேஜா? இது கைப்பை மாதிரி" என்றார் என் வீட்டுக்காரர்.

"கைப்பைக்கு சக்கரம் எதுக்கு சார்?"

கோழிக்கூண்டுக்கும் கூட லக்கேஜ் போட்டு, ஒரு தடவை கல்யாண மாப்பிள்ளையின் பெட்டியை நடு வழியில் இறக்கிவிட்ட மனிதர் இவர். அந்த இளைஞரிடம் ஊர் போய்ச் சேருகிற வரைக்கும் வாதம் செய்தார். இறங்கும்போது டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, அந்தக் கண்டக்டரின் தோளைத் தட்டி, "இப்பிடித்தான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்தார். தோற்றதில் அவருக்குக் கொள்ளைச் சந்தோஷம்.

விவசாயியின் வண்டி பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. மோட்டார் முன்சக்கரத்துக்குள் இருந்தது. களத்தில் கடலை காயப்போட்டிருந்தார்கள். அதன் ஓரமாக நிறுத்தி, டிரெய்லரை மாட்டி, லோடும் ஏறி உட்கார்ந்ததும் நான் ஆக்சிலேட்டரைத் திருகினேன். பின்னால் பாரம் இழுக்க, முன்சக்கரம் தரையில் பிடிப்பில்லாமல் நின்ற இடத்திலேயே சுழன்றது. நான் இன்னும் திருகினேன். அது பள்ளம் தோண்டியது. புழுதியெல்லாம் கிளம்பிப்போய்க் கடலைமேல் படிந்தது. விவசாயி ஓடி வந்து, "நிறுத்துமா, நிறுத்து! கெணறு வெட்ட நான் ஆள் கூப்புடல!" என்றார்.

ஆனால் நல்ல மனிதர். என் வீட்டுக்காரரை அடையாளம் தெரிந்ததும், ஒருமுறை தான் கை காட்டாமலே இவர் பஸ்ஸை நிறுத்தி ஏற்றிக்கொண்டதைச் சொல்லிச் சொல்லி, சாப்பிடாமல் விட மாட்டேன் என்றுவிட்டார். சோறும் கொள்ளு ரசமும் சாப்பிட்டு, அரை மூட்டை பச்சைக் கடலையோடு திரும்பினோம். சைக்கிள் இல்லை. பச்சை டிரெய்லரில் கடலை மட்டும் வந்தது.

"முன்னால மோட்டார் இருந்தா பின்னால பாரம் கூடாதுக்கா" என்றார் பாய், கடலையை உரித்தபடி. "நான் அப்பவே நெனச்சேன்."

"நீங்க எப்ப நெனச்சாலும் எங்களுக்கு ஒரு போன் பண்ணுங்க பாய்" என்றேன்.

மூன்றாவது வண்டியைப் பற்றிச் சொன்னது என்னிடம் மாவு வாங்கும் ஒரு கடைக்காரர். ஆசிரமத்துக்குப் பின்னால், மலைப்பக்கமாக ஏறும் ஒரு தெருவில் ஒரு வெளிநாட்டுக்காரர் வாடகைக்கு இருக்கிறார். பத்து வருஷமாக வந்து போகிறவர். இப்போது தன் சைக்கிளை விற்கிறார். "ஆனா ஒண்ணு, அவர் மௌனத்துல இருக்காரு. பேச மாட்டாரு" என்றார் கடைக்காரர்.

போனோம். ஆறடிக்கு மேல் உயரம், காவி வேட்டி, கழுத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை, அதோடு ஒரு பேனா. வாசலில் சைக்கிள் நின்றது. பெரிய சக்கரம், கனமான இரும்புச் சட்டம், இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக். மோட்டார் நடுவில், பெடலுக்குப் பக்கத்தில். எனக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அதை முகத்தில் காட்டக் கூடாது என்று வீட்டிலேயே பேசி வைத்திருந்ததால் நான் முகத்தைச் சுளித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர், "வயிறு வலிக்குதா?" என்று கேட்டார்.

"எத்தினி கிலோமீட்டர் போவும் சார்?" என்றேன்.

அவர் பலகையில் "60" என்று எழுதிக் காட்டினார்.

"மேடு ஏறுமா?"

அவர் மலையைக் காட்டிப் புன்னகை செய்தார்.

"மலையே ஏறுமாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"வாங்கி எத்தினி வருஷம் ஆச்சு சார்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு மீண்டும் புன்னகை செய்தார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, "காலம்னு ஒண்ணு கெடையாதுன்றாரு" என்றார்.

"எதுக்கு சார் விக்கிறீங்க?"

அவர் விரலை உயர்த்தி ஆகாயத்தைக் காட்டினார். எனக்குத் திக்கென்றது. அவர் அவசரமாகத் தலையை ஆட்டி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற மாதிரி பெரிய பெரிய தமிழ் எழுத்தில் "விமானம்" என்று எழுதினார். 'னம்' பலகையில் இடம் போதாமல் கீழே தொங்கியது.

ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். கைகூப்பினார். டிரெய்லரை மாட்டினோம். என் வீட்டுக்காரர் தானே ஊசியை இறக்கி, தானே சரிபார்த்து, ஏறி உட்கார்ந்தார். இரண்டு விசில்.

ஆக்சிலேட்டரைத் திருகி, பெடலையும் மிதித்தேன். வண்டி முனகவில்லை, மடியவில்லை, பள்ளம் தோண்டவில்லை. மேட்டில் சீராக ஏறியது. பாதி தெருவில் ஒரு வேகத்தடை. அதன்மேல் ஏறி இறங்கினேன். அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? சைக்கிளுக்கு இறக்கை முளைத்துவிட்டது. எண்பத்து நாலு கிலோ இருந்த இடமே தெரியவில்லை. காற்றில் போகிற மாதிரி மேட்டில் பறந்தேன். என்ன இழுவை, என்ன மோட்டார் என்று உருகிப்போய், "எப்பிடிங்க இருக்கு? ஒக்காந்திருக்கிறதே தெரியல பாருங்க!" என்று திரும்பாமலே கத்தினேன்.

பதிலுக்கு, நீளமாக ஒரு விசில் மட்டும் கேட்டது. நிறுத்தச் சொல்லும் விசில். அது தூரத்தில் போய்க்கொண்டே இருந்தது.

அப்போதுதான் தெருவே அதிர்கிற மாதிரி ஒரு குரல் எழுந்தது.

"அய்யய்யோ! கழண்டுக்குச்சு! புடி, புடி! ஆளு போறாரு!"

திரும்பிப் பார்த்தேன். பச்சை டிரெய்லர், என் வீட்டுக்காரரோடு, தெருவில் பின்பக்கமாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அவர் இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்தபடி, வாயில் விசிலோடு, பஸ்ஸின் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் பயணிபோல என்னையே பார்த்துக்கொண்டு போனார். அதற்குப் பின்னால் காவி வேட்டியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டியபடி, கத்திக்கொண்டே ஓடுகிறவர் அந்த வெளிநாட்டுக்காரர். பலகை கழுத்தைச் சுற்றி முதுகுப் பக்கம் போய்விட்டது.

தெருக்கோடியில் யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் மேட்டில் டிரெய்லர் ஏறி, நின்றது. என் வீட்டுக்காரர் இடுப்புவரை மணலில் இருந்தார். விசில் முழுக்க மணல். ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. நான் ஓடி வந்து கேட்ட முதல் கேள்வி: "அந்தக் கிளிப்பு எங்கங்க?"

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். "பத்திரமா வெச்சிருக்கேம்மா. சின்ன சாமான், மாட்டுனா எங்கனா விழுந்துடும்னு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவரைப் பார்த்துவிட்டேன். அவர் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சார்... எத்தினி நாள் மௌனம் சார்?" என்றேன் பயந்துபோய்.

"ஒரு மண்டலம். நாப்பத்தெட்டு நாள்" என்றார். நல்ல தமிழ். டீக்கடையில் பழகின தமிழ். "இன்னிக்கி நாப்பத்தி ஒண்ணு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மணலிலிருந்தபடியே கைகூப்பினார். அந்த மனிதர் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். மணல் மேட்டிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"போனா போவுது. இவரு போயிருந்தா?" என்றார்.

அதற்கப்புறம் அவர் நிறுத்தவில்லை. நாற்பத்தோரு நாள் பேச்சும் வரிசையில் காத்திருந்தது போலிருக்கிறது. பக்கத்து வீட்டு நாய் குரைப்பது, மெஸ்ஸில் சாம்பார் நீர்த்துப் போனது, மௌனத்தில் இருந்தால் ஆட்டோக்காரர்களிடம் பேரம் பேச முடியாதது என்று வரிசையாக வந்தது. நடுவில் சட்டென்று என் பக்கம் திரும்பி, "அக்கா, அறுபது பொய்" என்றார்.

"இன்னா சார்?"

"பேட்டரி. புதுசுல அறுபது. நான் மட்டும் போனா, மேடு இல்லாம, காத்து பின்னால இருந்தா அறுபது. இப்ப முப்பத்தஞ்சு. லோடு இருந்தா இன்னும் கம்மி."

"அப்ப ஏன் சார் அறுபதுனு எழுதுனீங்க?"

அவர் முதுகிலிருந்த பலகையை இழுத்து முன்னால் போட்டுக் காட்டினார். "சின்னப் பலகை. வெளக்கம் எழுத எடம் இல்ல."

பின் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது என்றார். செயின் ஜாஸ்தி நாள் தாங்காது என்றார். நாலு வருஷம் ஆகிவிட்டது, மழையில் இரண்டு முறை நனைந்தது, ஒருமுறை குரங்கு சீட்டைக் கிழித்து அதைத் தைத்தது என்று எல்லாக் குறையையும் அவரே சொன்னார். விற்கிறவர் ஒருவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. என் வீட்டிலிருந்து கடைகளுக்குப் போய்த் திரும்பப் பதினைந்து கிலோமீட்டர்கூட வராது. முப்பத்தைந்தில் பாதி போனாலும் போதும். விலை அவர் சொன்னதிலிருந்து நாங்கள் குறைத்துக் கேட்கவில்லை. அவருடைய ஏழு நாளை நாங்கள் குறைத்ததே போதும் என்று தோன்றியது.

பாய் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். தரையில் படுத்து மோட்டாரைத் தட்டிப் பார்த்தார். "மோட்டார் நடுவுல இருந்தாதான்கா கியர் போட்டு இழுக்கும்" என்றார். அவர் மறுபடி வாயைத் திறக்குமுன் நானே, "நீங்க அப்பவே நெனச்சீங்க" என்றேன். சங்கடமாகச் சிரித்துக்கொண்டே, ஊசியோடு ஒரு சங்கிலியையும் சேர்த்துப் பற்றவைத்தார். கிளிப்பைத் தன் கையாலேயே மாட்டினார். என் வீட்டுக்காரரைக் கிட்டே விடவில்லை.

முதல் நாள் தனியாகத்தான் போனேன். நாலு டப்பாவையும் கயிறு போட்டுக் கட்டி, மூடிகள்மேல் செங்கல் வைத்து, காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். பெரிய கோயில் கோபுரத்தைக் கடந்தபோது டிரெய்லர் சமர்த்தாகப் பின்னால் வந்தது. கடைக்காரர்கள் எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள். வழியில் ஒரு சொட்டு சிந்தவில்லை. இறக்கும்போதுதான் பலகையில் கொஞ்சம் வழிந்தது. எல்லா டப்பாவையும் இறக்கிக் கொடுத்துவிட்டுக் காலி டிரெய்லரோடு திரும்பினேன். பேட்டரியில் இன்னும் மூன்று கோடு மிச்சம் இருந்தது. பாட்டே பாடியிருப்பேன், ரோட்டில் ஆட்கள் இருந்தார்கள்.

செங்கம் சாலையில் மாடுகள் மறித்துக்கொண்டு நின்றதால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது. அவை போனதும் மறுபடி கிளம்பினேன். அங்கிருந்துதான் வண்டி கனத்தது. காலி டிரெய்லர் இப்படி இழுக்கக் கூடாது. மூன்று கோடு இரண்டாயிற்று. அறுபது என்றவர், முப்பத்தைந்து என்றவர், இன்னும் எதையோ சொல்லாமல் விட்டுவிட்டார் என்று அந்த நல்ல மனிதரை மனசுக்குள் திட்டிக்கொண்டே மிதித்தேன். அவர் அப்போது விமானத்தில் இருந்திருப்பார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் வரும்போது எனக்கு முதுகெல்லாம் வியர்த்துவிட்டது.

"இங்கயே ஓரமா நிறுத்துமா" என்று காதுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

பிரேக்கைப் பிடித்துத் திரும்பினேன். டிரெய்லரில் என் வயசு இருக்கும் ஒரு பூக்காரி, மடியில் கூடையோடு, காலை நன்றாக நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எப்பக்கா ஏறுனீங்க?"

"மாடு மறிச்சுதே, அப்ப. கேட்டேன், நீ திரும்பல. எடம் காலியாத்தான கீது."

"இது ஆள் ஏத்துற வண்டி இல்லக்கா. மாவு வண்டி."

அவர் எழுந்து, பின்பக்கச் சேலையைத் தொட்டுப் பார்த்தார். "அதான் ஈரமா இருந்துச்சா" என்று இறங்கினார். கூடையிலிருந்து ஒரு முழம் மல்லியைக் கிள்ளி என் கையில் வைத்தார். "நல்லா ஓட்டுற. குலுக்கல் மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணு" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் போய்விட்டார்.

மறுநாள் அதே இடத்தில் மாடுகள் இல்லை. அவர் இருந்தார், கூட இன்னும் இரண்டு பேர், கூடைகளோடு.